ஒத்தைப் பல்லு

இந்தக் காலத்து ஆட்களுக்குக் கண் இருக்கிறது. பார்க்கிற பழக்கம்தான் போய்விட்டது. போன வாரம் ஒருத்தன் என் வீட்டு வாசலில் நின்று முருங்கை மரத்தைப் படம் பிடித்தான். கையிலிருந்த, பெயர் சொல்கிற பெட்டியைக் கேட்டான். பிறகு என் பக்கம் திரும்பி, "தாத்தா, இது முருங்கை" என்றான். நட்டவன் நான். தண்ணீர் ஊற்றி வளர்த்தவன் நான்.

"அப்படியா தம்பி. இத்தனை வருசமா வேப்பமரம்னுல்ல நினைச்சுக்கிட்டு இருந்தேன்" என்றேன்.

அவன் மறுபடியும் பெட்டியைப் பார்த்துவிட்டு, "இல்ல தாத்தா, முருங்கைதான். தொண்ணூத்தெட்டு சதவீதம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மிச்சம் ரெண்டு சதவீதம் என்ன மரம் என்று நான் கேட்கவில்லை. அந்த ரெண்டு சதவீதத்துக்குள்தான் நான் பங்குனி மாதம் பூராவும் அடைபட்டுக் கிடந்தேன்.

என் பெயர் மொக்கையன். கம்பத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் வரிசையாக நிற்கிற கண்ணாடிக் கொட்டகைகளில் தண்ணீர் திறந்துவிடுகிற வேலை எனக்கு. உள்ளே குடைமிளகாய். கப்பலேறிப் போகிற காய் என்பதால் ஒரு சொட்டு மருந்து அடிக்கக் கூடாது. மருந்துக்குப் பதிலாகச் சிலந்தியை விடுகிறார்கள். வலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற சிலந்தி இல்லை, வேட்டையாடுகிற சிலந்தி. அரிசியை விடக் கொஞ்சம் பெரிசு. இலையில் பதுங்கி இருந்து, வெள்ளை ஈ வந்து இறங்கினால் பூனை மாதிரி உடம்பைத் தாழ்த்தி ஒரே தாவு. நாங்கள் குதிப்பான் என்போம்.

குதிப்பான் ஊரில் எல்லார் வீட்டுச் சுவரிலும் இருக்கிறது. ஆனால் கொட்டகைக்குள் விடுவது ஊர்க் குதிப்பான் இல்லை. ஆய்வுக்கூடத்தில் செய்த குதிப்பான். குழாயில் அடைத்து வரும். எல்லாமே பொட்டை. ஆண் கிடையாது, அதனால் குஞ்சு கிடையாது, வெள்ளாமை முடிகிறபோது தானாகச் செத்துவிடும் என்று சொன்னார்கள். சொன்னவர்கள் எல்லாம் நல்ல சட்டை போட்டிருந்தார்கள்.

செய்த உயிர் எதையும் நான் நம்புவதில்லை. அதற்குக் காரணம் உண்டு. முன்பு எனக்கு வாழை இருந்தது. கிழங்கு வண்டைத் தின்பதற்கு என்று ஒரு செய்பூச்சியை இந்தப் பள்ளத்தாக்கில் விட்டார்கள். அது வண்டைத் தின்று முடித்துவிட்டுக் கிழங்கைத் தின்ன ஆரம்பித்தது. விட்டவன் வேறு ஏதோ பூச்சியின் படத்தை அனுப்பி, "எங்களுடையது இல்லை" என்று சாதித்தான். அவன் சாதித்து முடிக்கிறதுக்குள் பள்ளத்தாக்கில் வாழை என்பதே இல்லை. என் தோட்டத்தைக் கொளுத்துகிறபோது நான் வரப்பில் நின்று பார்த்தேன். அதன் பிறகுதான் கூட்டம் கூடி, சட்டம் கொண்டுவா என்று கத்தினோம். கத்தினதில் என் குரல் சின்னது இல்லை. மூடல் சட்டம் அப்படி வந்ததுதான். செய்பூச்சி இருக்கிற இடத்தில் பெயர் தெரியாத ஒரு உயிர் அகப்பட்டால் கதவு மூடிக்கொள்ளும். உள்ளே இருக்கிற பூச்சியும் வெளியே போகக் கூடாது, அதன் முட்டையோ குஞ்சோ துணியில் ஒட்டியிருக்கக்கூடிய மனுசனும் போகக் கூடாது. படத்தை நம்பக் கூடாது, பெட்டியை நம்பக் கூடாது. படித்த ஆள் ஒருத்தர் உள்ளே போய், கண்ணால் பார்த்து, பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். உள்ளே இருக்கிறவர்களில் ரெண்டு பேர் அதே பூச்சியைப் பார்த்துச் சாட்சி சொல்ல வேண்டும். நல்ல சட்டம். இன்றைக்கும் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

கதவுக்கு இந்தப் பக்கம் நாம் இருப்போம் என்றுதான் அப்போது யாரும் நினைக்கவில்லை.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. எல்லாரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். மூன்றாம் கொட்டகையில் நானும் சுருளியம்மாளும் மட்டும். நான் சொட்டுநீர்க் குழாயில் அடைப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். சுருளி காய் பறிக்கிற பிள்ளை, எனக்கு மருமகள் முறை. பெற்று மூன்று மாதம்கூட முழுசாக ஆகவில்லை, அதற்குள் வேலைக்கு வந்துவிட்டாள். மார் கட்டிக்கொண்டது என்று ஒரு மூலைக்குப் போய்ப் பாலைப் பீய்ச்சிவிட்டு வந்தாள்.

"மாமா, டீக்கு வரலையா?"

"நீ போ. நான் வந்தா இந்தக் குழாய் யாரு பாக்குறது, உன் மாமியாளா?"

"அவ வந்தா குழாயே பயந்து தானா திறந்துக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கொட்டகைக்கு ரெண்டு கதவு. நடுவில் ஒரு சின்ன அறை. அதில் நின்றால் இயந்திரம் காற்றை அடித்து உடம்பிலிருக்கிற தூசியை உறிஞ்சும். தூசியில் பூச்சி இருந்தால் அதைப் புட்டியில் பிடித்து, படம் எடுத்து, பெயர் சொல்லும். தெரிந்த பெயர் என்றால் வெளிக் கதவு திறக்கும். சுருளி நின்றாள். இயந்திரம் உறிஞ்சியது. அப்புறம் ஒரு சத்தம் வந்தது பாருங்கள், செத்த வீட்டுச் சங்கு மாதிரி. வெளிக் கதவு பூட்டிக்கொண்டது. உள்கதவு மட்டும் திறந்து அவளை மறுபடி என் பக்கமே தள்ளியது.

ஒலிபெருக்கியில் ஒரு குரல், மரியாதையாக: "உள்ளே இருப்பவர்கள் பதற்றப்பட வேண்டாம். பெயரில்லா உயிர் ஒன்று பதிவாகியிருக்கிறது."

"எனக்கா பேரில்ல?" என்றாள் சுருளி.

பேசினவர் மூடல் வாரியத்தின் கதவு அலுவலர் தணிகாசலம். கண்ணாடிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். நல்ல மனிதர்தான். கதவைத் திறப்பதைத் தவிர எல்லா உதவியும் செய்தார். சோறு ஒருவழிப் பெட்டியில் உள்ளே வரும். வந்த பாத்திரம் திரும்பி வெளியே போகாது; உள்ளேயே குவிந்துகொண்டு போனது. படுக்கப் பாய் வந்தது, துணி வந்தது. வெயிலில் கண்ணாடி கொதிக்கும். மிளகாய்ச் செடிக்கு இடையில் ஈரம் இருக்கிற இடமாகப் பார்த்துப் படுப்போம். எந்தப் பக்கம் நடந்தாலும் கடைசியில் கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் மலை தெரியும், ரோடு தெரியும், டீக்கடை தெரியும். எல்லாம் தெரிந்தது, அதுதான் கொடுமை. சுவராக இருந்திருந்தால் மறந்து தொலைக்கலாம்.

சுருளியின் மாமியார் தினம் மத்தியானம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கண்ணாடிக்கு வருவாள். பெண் பிள்ளை. இன்னும் பெயர் வைக்கவில்லை. சித்திரையில் குலசாமி கோயிலில் வைப்பதாக இருந்தது. ஆட்டுப்பால் கொடுத்துப் பார்த்தார்கள், பாட்டில் கொடுத்துப் பார்த்தார்கள், டாக்டரிடம் போனார்கள். எதையும் வாங்காமல் துப்பியது. வாங்கினதிலும் பாதியைக் கக்கியது. இங்கே இவள் பாலைப் பீய்ச்சிச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"சார், ஒரு டம்ளர் பால் மட்டும் வெளிய அனுப்பக் கூடாதா? பாலுக்குள்ளயா பூச்சி முட்டையிடும்?" என்று தணிகாசலத்திடம் கேட்டாள்.

"சட்டத்துல 'எதுவும்'னு இருக்கும்மா" என்றார் அவர். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தச் சட்டத்தை யார் கத்திக் கேட்டார்கள் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும். அவள் புருசனும் அன்றைக்குக் கூட்டத்தில் நின்றவன்தான்.

பூச்சிக்குப் பெயர் வைக்கிற ஆள் ஒருநாள் வந்து சேர்ந்தார். பொம்பளை. எவாஞ்சலின் என்று பெயர், பாளையங்கோட்டைப் பக்கம். ஒல்லியாக, நரைத்த முடியை இறுக்கிக் கொண்டை போட்டு, கையில் ஒரு பெட்டி. உள்கதவு அவள் முதுகுக்குப் பின்னால் பூட்டிக்கொண்டபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நீங்க டாக்டராம்ல. ஊசி போடுவீகளா?" என்றாள் சுருளி.

"நான் சிலந்திக்கு டாக்டர்ம்மா."

"அதுக்கு என்ன நோவு?"

"அதுக்கு ஒரு நோவும் இல்ல. யாருன்னு தெரியல, அவ்ளோதாம்."

நான் கேட்டேன்: "ஏம்மா, உள்ள வந்துட்ட. நீயும் வெளிய போக முடியாதுன்னு தெரியுமா?"

"தெரியும்லா பெரியவரே. தெரிஞ்சுதான் வந்தேன்."

தெரிந்தே வந்து அடைபடுகிற ஆளை நான் எப்படி நம்புவது? இவளுக்கு இதில் என்ன கிடைக்கும் என்று ரெண்டு நாள் யோசித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபடாததால் சந்தேகம் கூடிப்போனது.

பேக்கிங் மேசையில் பூதக்கண்ணாடி மாதிரி ஒரு கருவியை வைத்துக்கொண்டு, இயந்திரம் பிடித்த புட்டியை எடுத்தாள். அதற்குள் ஒரே ஒரு குதிப்பான். பார்த்தாள். அப்புறம் ஒரு துளித் தண்ணீர் விட்டு, மயிர் மாதிரி ஒரு தூரிகையால் அதன் மூஞ்சியைத் துடைத்தாள். சிரித்துவிட்டாள்.

"பெரியவரே, கதவு நிலையில திருநீறு பூசுறது யாரு?"

"நான்தான். வெள்ளிக்கிழமை பூசுவேன். ஏன், அதுக்கும் சட்டம் இருக்கா?"

"குழைக்காம, பொடியா?"

"மூணு விரலால எடுத்து இழுத்துவிடுவேன். செய்த பூச்சிக்கு மத்தியில வேலை பாக்கோம், ஒரு காவல் வேண்டாமா?"

"குதிப்பானுக்கு மூஞ்சி முன்னால ரெண்டு குட்டிக் கை உண்டு. அதை வச்சுதான் கண்ணைத் துடைச்சுக்கிடும். உங்க நிலையில நடந்து, கையில திருநீறு ஒட்டி, மூஞ்சில இழுத்துக்கிட்டு நிக்கி. பெட்டிக்குத் தெரிஞ்சதெல்லாம் மூஞ்சி மயிரோட கோடுதான். இப்படி வெள்ளைப் பட்டை போட்ட மூஞ்சியை அது பாத்ததே இல்ல. பேரில்லைன்னு கத்திருச்சு."

சுருளி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "அப்ப உங்க பட்டையாலதான் நான் இங்க கெடக்கேனா மாமா?"

"பூச்சி திருநீறு பூசுச்சுன்னு எந்த ஊர்லயாவது கேள்விப்பட்டிருக்கியா? இந்தம்மா என்னமோ சொல்லுது, நீ என்னமோ கேக்குற" என்றேன். இன்றுவரை நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. பூச்சி மூஞ்சியிலிருந்து வந்த வெள்ளை, சுண்ணாம்பாக இருக்கக் கூடாதா?

"சரி, துடைச்சாச்சுல்ல. மூஞ்சி தெரியுதுல்ல. கதவைத் திறக்கச் சொல்லுங்க" என்றாள் சுருளி.

எவாஞ்சலின் சிரிப்பை நிறுத்தியிருந்தாள். "துடைச்ச பெறகுதான் தெரியுது. இது ஆண்."

"ஆண்னா?"

"அந்தக் குட்டிக் கையோட நுனியைப் பாருங்க. உறை மாட்டினது மாதிரி பருத்திருக்கு. பொட்டைக்கு அப்படி இருக்காது."

கொட்டகைக்குள் ஆண் இருக்கவே முடியாது என்றுதானே நல்ல சட்டைக்காரர்கள் சொன்னார்கள். நான் அந்தப் புட்டியை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றேன்.

"ரெண்டுல ஒண்ணுதான்" என்றாள் அவள். "ஒண்ணு, இது ஊர்க் குதிப்பான். தேங்காய்நார் மூட்டையோட உள்ள வந்திருக்கும். அப்படின்னா ஒரு பிரச்சனையும் இல்ல, கதவு திறந்துரும். இல்லைன்னா செய்த குதிப்பான் ஆண் குஞ்சு போட ஆரம்பிச்சிருக்கு. அப்ப கொட்டகையை அவிச்சுட்டு, நம்ம மூணு பேரையும் முகாமுக்குக் கொண்டு போவாங்க. உடம்புல குஞ்சு இல்லைன்னு நிச்சயம் ஆகுற வரைக்கும், ஒரு பருவம் அங்கதான்."

"ஒரு பருவமா" என்றாள் சுருளி. கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எப்படிக் கண்டுபிடிப்ப?" என்றேன்.

"ரெண்டும் வெவ்வேற பேரினம் பெரியவரே. உங்க ஊர்ல வகையறான்னு சொல்லுவீங்கள்லா, அது மாதிரி வச்சுக்கோங்க. மூஞ்சி ஒண்ணு போலவே இருக்கும். கண்ணு வரிசை ஒண்ணு போலவே இருக்கும். ஆனா வகையறா வேற."

எனக்கு அது புரிந்தது. எங்களுக்குள் யார் எந்த வகையறா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. சிவராத்திரிக்கு எந்தக் குலசாமி கோயிலுக்குச் சாமிப் பெட்டி தூக்குகிறான் என்று பார்த்தால் தெரிந்துவிடும். "இதுக்கு எது கோயிலு?" என்று கேட்டேன்.

"பல்லு. தாடைக்குப் பின் விளிம்புல ஒரு குட்டிப் பல்லு இருக்கும். ஊர்க் குதிப்பானுக்கு ஒத்தைப் பல்லு, கூரா. செய்த வகையறாவுக்கு அதே பல்லு நுனியில ரெண்டாப் பொளந்திருக்கும்."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

ஒரு தூசிக்கு உள்ளே இருக்கிற பல்லின் நுனி. அதில் பிளவு இருக்கிறதா இல்லையா என்பதில் மூன்று மனுசரும் ஒரு பச்சைப் பிள்ளையும். படித்தவர்கள் உலகத்தைப் பிரித்து வைத்திருக்கிற லட்சணம் இதுதான்.

பல்லைப் பார்க்க இதைச் சாகடிக்க வேண்டும், கையில் இருப்பதோ இது ஒன்றுதான் என்பதால், வேறு ஆண் அகப்படுகிறதா என்று முதலில் செடி செடியாகத் தேடினோம். வெள்ளைத் துணியை விரித்துச் செடியைத் தட்டுவோம், விழுகிற குதிப்பானை அவள் பார்ப்பாள். எல்லாம் பொட்டை. ஊர்க் குதிப்பான் வேறு ஒன்றும் அகப்படவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். ஒரு அர்த்தமும் இல்லை என்றாள். தேடுகிற நேரத்தில் சும்மா இருக்காமல் ஒவ்வொன்றாக விசாரிப்பாள்.

"உள்கதவுக்குப் பக்கத்துல இருக்கிற அந்தச் சிவப்புச் சக்கரம் எதுக்கு பெரியவரே?"

"நீராவி. வெள்ளாமை முடிஞ்சதும் மண்ணுல இருக்கிற கிருமி சாக, கொட்டகையவே வேக வைப்போம். அதைத் திருகுனா ஊஞ்சல் சங்கிலி மாதிரி ஒரு கிறீச்சு வரும். எண்ணெய் விடச் சொல்லி ரெண்டு வருசமாச் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

"உள்ள ஒண்ணும் பிழைக்காதா?"

"கல்லுகூட வெந்துரும்."

நானும் அவளை ஒன்று கேட்டேன். செய்த குதிப்பான் வெளியே போய்ப் பெருகினால் என்ன ஆகும்?

"வெள்ளை ஈ தீந்த பெறகு பறக்குற எதையும் பிடிக்கும். இதுக்குத் தாவுற வேகத்தைக் கூட்டி வச்சிருக்காங்க. பூவுல காத்துக்கிடந்து தேனீயை எடுக்கும்."

"தேனீ போனா?"

"முருங்கை பூக்கும், காய்க்காது."

இதற்குள் வெளியே பிள்ளை இளைத்துப்போனது. கண்ணாடி வழியாகவே தெரிந்தது. ஒரு மத்தியானம் மாமியார் பிள்ளையைக் கண்ணாடியில் அணைத்துப் பிடித்தாள். சுருளி இந்தப் பக்கம் கையை வைத்துத் தட்டினாள், கூப்பிட்டாள், நாக்கைச் சுழற்றிக் காட்டினாள். முன்னெல்லாம் அதற்கு ஒரு அழுகையாவது வரும். அன்றைக்கு அழவும் இல்லை. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, கண் எங்கேயோ பார்த்தது. டாக்டர் சேர்க்கச் சொல்லிவிட்டார், பெரியாசுபத்திரிக்குப் போகிறோம் என்று மாமியார் சைகையில் சொன்னாள். சுருளி கண்ணாடியை விட்டு வந்து, மிளகாய்ச் செடிக்குள் உட்கார்ந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

எவாஞ்சலின் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேசைக்குப் போனாள். புட்டியிலிருந்த குதிப்பானை மருந்தில் போட்டுச் சாகடித்து, ரெண்டு ஊசியால் அதன் தாடையைப் பிரித்தாள். கருவியில் கண்ணை வைத்தாள். நான் எதிரே நின்று அவள் முகத்தைப் பார்த்தேன். வெகு நேரம் அவள் அசையவில்லை. எத்தனையோ வருசமாக இதையே பார்த்துக்கொண்டிருக்கிற ஒருத்திக்கு, ஒத்தையா ரெட்டையா என்று பார்க்க இத்தனை நேரமா?

நிமிர்ந்தாள். "ஒத்தைப் பல்லு" என்றாள். "ஊர்க் குதிப்பான்."

சுருளி எழுந்து ஓடி வந்தாள்.

"சட்டப்படி நீங்க ரெண்டு பேரும் பாக்கணும்" என்றாள் எவாஞ்சலின். என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

சுருளி கருவியில் கண்ணை வைக்கிறதுக்கு முன்னாலேயே, "ஒத்தைப் பல்லு, ஒத்தைப் பல்லு" என்று சொல்லிவிட்டாள்.

நான் குனிந்தேன். எனக்குக் கண்ணில் புரை. முதலில் வெளிச்சம் மட்டும் தெரிந்தது. அப்புறம் பழுப்பாக ஏதோ தாடை. அதன் ஓரத்தில், ஆமாம், ஒரு பல். நுனியில் ஒரு நிழல். அது பிளவா, மேலே நின்ற தண்ணீரின் அசைவா, என் கண்ணின் புரையா, எனக்குத் தெரியவில்லை.

"தண்ணி ஆடுது" என்றேன்.

"ஆடும்" என்றாள்.

"தொடைச்சுட்டு இன்னொருக்க காட்டு."

"தொடைச்சா பல்லு உடைஞ்சுரும் பெரியவரே."

"தாயி, எனக்கு வாழை போச்சு. படத்தை மாத்திக் காட்டி ஏமாத்துனானுக. அதனால கேக்கேன். உண்மையச் சொல்லு. இது எந்த வகையறா?"

"ஒத்தைப் பல்லுன்னு எழுதிக் கையெழுத்துப் போடப் போறேன்" என்றாள். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

சுருளி என் கையைப் பிடித்தாள். பிடித்தது வலித்தது. "மாமா" என்றாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நாலு வார்த்தை வைதிருப்பேன். கேட்காததால் வைய முடியவில்லை.

அதன் பிறகு எவாஞ்சலின் செய்தது எதுவும் எனக்குச் சரியாகப் படவில்லை. எங்களைத் தலைமுழுகச் சொன்னாள். போட்டிருந்த துணியை எல்லாம் கழற்றிக் குவிக்கச் சொல்லி, உறை பிரிக்காத புதுத் துணி கொடுத்தாள். சுருளியைக் கீழே உட்காரவைத்து, வெள்ளைத் துணிமேல் அவள் தலையை வாரினாள், ஒரு இழை விடாமல். என் நரைமுடியையும் வாரினாள். காது மடலுக்குப் பின்னால்கூடப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். அப்புறம் கொட்டகைக்கு உள்ளேயே இருக்கிற, காய் வைக்கிற குளிர் அறையில் நாங்கள் நடுங்க நடுங்க உட்கார்ந்திருந்தோம். குளிரில் குஞ்சு இருந்தாலும் விறைத்து விழுந்துவிடும் என்றாள்.

"ஊர்க் குதிப்பான்தானே? ஊர்ல எங்க வீட்டுச் சுவரு பூராவும் கெடக்கு. அதுக்கு எதுக்கு இம்புட்டு?" என்று பல் கிட்டிக்கொண்டு கேட்டேன்.

"ஒரு பழக்கம்தான்" என்றாள்.

குளிர் அறையை விட்டு வந்ததும் இடை அறைக்கு முன்னால் நின்றோம். தணிகாசலம் ஒலிபெருக்கியில் கேட்டார்: "பெயரிட்டவர் கையெழுத்து வந்துவிட்டது. முதல் சாட்சி. பார்த்தீங்களா, எத்தனை பல்?"

"ஒத்தைப் பல்லுங்க சார்" என்றாள் சுருளி.

"ரெண்டாம் சாட்சி?"

கண்ணாடிக்கு வெளியே பள்ளத்தாக்கு முழுசாகத் தெரிந்தது. தென்னை, புளி, வேலியோரத்து முருங்கை. இதே பள்ளத்தாக்கில்தான் என் வாழை புகைந்தது. நான் கத்திக் கேட்ட சட்டம் இதோ எனக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மரியாதையாக என்னையே கேட்கிறது. தெரியவில்லை என்று சொன்னால் போதும். அதுதான் உண்மை. தெரியவில்லை என்றால் ஒரு பருவம்.

"பெரியவரே?" என்றார் தணிகாசலம்.

சுருளியின் புதுச் சட்டை மாரில் நனைந்திருந்தது. பால்.

"ஒத்தைப் பல்லு" என்றேன்.

பெருவிரலைக் கண்ணாடியில் வைக்கச் சொன்னார். வைத்தேன். இயந்திரம் காற்றை அடித்தது, உறிஞ்சியது, ஒன்றும் அகப்படவில்லை என்றது. வெளிக் கதவு திறந்தது. சுருளி ஓடினாள். செருப்பைக்கூட எடுக்கவில்லை. ரோட்டில் அவள் புருசன் வண்டியோடு நின்றான். பெரியாசுபத்திரிப் பக்கம் வண்டி போவதைத் தூசி அடங்குகிற வரைக்கும் பார்த்தேன்.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பால் வாங்கிக்கொண்டது என்று சாயங்காலமே ஆள் வந்து சொன்னான்.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று நடந்தது. வண்டி போனதும் நான் டீக்கடைப் பக்கம் திரும்பினேன். நாலு எட்டு வைத்திருப்பேன். முதுகுக்குப் பின்னால் அந்தக் கிறீச்சு. ஊஞ்சல் சங்கிலி மாதிரி. எத்தனை வருசம் கேட்ட சத்தம் அது, எனக்குத் தப்பாது.

திரும்பிப் பார்த்தேன். மூன்றாம் கொட்டகையின் கண்ணாடி கீழேயிருந்து வெளுத்துக்கொண்டு வந்தது. செடி மறைந்தது, பேக்கிங் மேசை மறைந்தது. வெள்ளாமை பாதியில், பறிக்கிற பருவத்துக் காயோடு, கொட்டகை வெந்துகொண்டிருந்தது.

தணிகாசலம் நாற்காலியை மடித்துக்கொண்டிருந்தார். "அந்தம்மா கேட்டாங்க பெரியவரே. சுத்தம் பண்றது நல்லதுதானேன்னாங்க. பெயரிட்டவங்களுக்கு அந்த அதிகாரம் உண்டு" என்றார். கம்பெனிக்காரர்கள் அதற்குள் போனில் கத்த ஆரம்பித்திருந்தார்கள்.

நான் இடை அறைக்கு வெளியே போய் நின்று, உள்ளே பேசுகிற பொத்தானை அழுத்தினேன். உள்ளே அவள் இருந்தாள். ரெண்டு கதவுக்கும் நடுவில், தரையில், ஒரு பாயை விரித்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தண்ணீர்க் குடம், ரொட்டிப் பொட்டலம். வெளிக் கதவு அவளுக்குத் திறந்துதான் கிடந்தது. அவளே எழுந்து வந்து சாத்தியிருக்கிறாள். கொண்டையை அவிழ்த்துவிட்டு, மடியில் வெள்ளைத் துணியை விரித்து, தலையை வாரிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாரலுக்கும் சீப்பைத் துணியில் தட்டி, குனிந்து பார்த்தாள்.

"ஏம்மா, நீ வரலையா?"

"சாமான் எடுத்து வைக்கணும் பெரியவரே. நீங்க போங்க."

"சாமான் எங்க இருக்கு? எல்லாம் உள்ள வெந்துக்கிட்டு இருக்கு. அந்தப் பூச்சியுமா?"

"எல்லாந்தான்."

"ஊர்க் குதிப்பானை எதுக்கு அவிச்ச?"

"ஒத்தைப் பல்லுதான் பெரியவரே. நீங்களும்தான பாத்தீங்க."

"பாத்தேன். அதான் கேக்கேன். ஒத்தைப் பல்லுன்னா நீ எதுக்கு இங்க உக்காந்து தலை வாருற?"

அவள் சீப்பைத் தட்டினாள். துணியைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். முதல் நாள் திருநீற்றைக் கண்டுபிடித்தபோது சிரித்தாளே, அதே சிரிப்பு, ஆனால் களைத்துப்போய்.

"பேன்" என்றாள்.

"எம்புட்டு நாளைக்கு வாருவ?"

"பேன் போற வரைக்கும்."

பேனாம். என் காது மடல்வரைக்கும் பார்த்தவள், தன் தலையில் பேனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளாம். நான் கையை எடுத்தேன். பொத்தான் அணைந்தது. ரோட்டைப் பார்த்து நடந்தேன். டீக்கடையில் யாரோ கூப்பிட்டார்கள், நிற்கவில்லை. புதுச் சட்டையின் கைமடிப்பை ஒருதரம் பிரித்து உதறிப் பார்த்துக்கொண்டு, வீட்டுக்குப் போகிற வழியில் நடந்தேன். ஒன்றும் விழவில்லை. அதையும் நான் நம்பவில்லை.